'எவ்வளவு?', 'எப்போது?': இத்தாலிய சம்மனைப் படிக்கச் சில சொற்கள்

பயணிகளுக்கென்று விற்கும் சொற்றொடர்க் கையேடு ஏதாவது ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். காப்பி கேட்பது எப்படி, வழி கேட்பது எப்படி, இந்தத் தோல்பையின் விலை என்ன என்று விசாரிப்பது எப்படி என்றெல்லாம் அதில் இருக்கும். அபராதத்தைப் பற்றி அநேகமாக ஒரு வரிகூட இருக்காது. ஆனால், இத்தாலியில் வாடகைக் கார் எடுத்துச் சுற்றிவிட்டு வரும் பல குடும்பங்களை ஊர் திரும்பிய பிறகும் விடாமல் துரத்தி வருவது அந்த அபராத மொழிதான்.

பெருஜா நகரில் ஓராண்டு இத்தாலிய மொழி படித்தபோது, வகுப்பில் கவிதை, சமையல், கால்பந்து என்று எத்தனையோ சொற்களைக் கற்றேன். ஊர் திரும்பிய பிறகு உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கொண்டுவந்து நீட்டியதெல்லாம் நகராட்சிக் கடிதங்கள். "நீ இத்தாலி மொழி படிச்சவதானே, இது என்னன்னு பாரு" என்பார்கள். அந்தக் கடிதங்களைப் படித்துப் படித்து எனக்கு ஒன்று தெளிவானது. சம்மனிலிருந்து தப்பிக்க இத்தாலிய மொழி உதவாது. ஆனால், ஒரு சம்மன் இரண்டு சம்மனாகாமல், 83 யூரோ 166 யூரோவாகாமல் தடுக்க இருபது முப்பது சொற்கள் போதும்.

கார் ஓட்டும் வயது வரவில்லையே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அப்பா ஓட்டும்போது பக்கத்தில் அமர்ந்து பலகையைப் படித்துச் சொல்லப்போவது நீங்கள்தான். வெளிநாட்டுப் பரிமாற்றப் படிப்புக்குப் போகும் மாணவர்கள் நண்பர்களோடு கார் எடுப்பதும் இப்போது சாதாரணம்.

கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா?

முதலில் மூன்று எழுத்து: ஸெட், டி, எல். இத்தாலியர்கள் இதை 'ஸேத்தா தீ எல்லே' என்று உச்சரிப்பார்கள். 'ஸோனா ஆ த்ராஃபிக்கோ லிமிதாத்தோ' என்பதன் சுருக்கம். அனுமதி பெற்ற வாகனங்கள் மட்டுமே நுழையக்கூடிய பகுதி என்று பொருள். ரோம், ஃபுளோரன்ஸ், பீசா, சியெனா, போலோஞ்ஞா என்று பழைய நகர மையம் உள்ள ஊர்களில் எல்லாம் இது உண்டு. சிவப்பு வளையத்துக்குள் வெள்ளை நிறம் கொண்ட வட்டப் பலகை, அதன் கீழே நேரமும் விதிவிலக்கும், பக்கத்தில் ஒரு கேமரா. தடுப்புக் கம்பமோ காவலரோ பெரும்பாலும் இருக்காது. காரின் எண் தகட்டைக் கேமரா படம் பிடித்துவிடும். அவ்வளவுதான்.

சிங்கப்பூரின் மின்னியல் சாலைக் கட்டணத்துக்குப் பழகியவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். கேமரா இருந்தால் கட்டணம் கழிக்கப்படும், போய்க்கொண்டே இருக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். மிலானில் 2012ஆம் ஆண்டு தொடங்கிய 'ஆரேயா சி' அப்படிப்பட்டதுதான். பணம் கட்டி உள்ளே போகலாம். ஆனால், பொதுவாக இந்த மூன்றெழுத்துப் பகுதி விலை கொடுத்து வாங்கும் உரிமையன்று. அனுமதி இல்லையென்றால் நுழையக்கூடாது.

இந்த இடத்தில் ஒரு சொல்தான் பலரைக் கவிழ்த்தது. பல நகரங்களில் நுழைவாயிலின் மேலே மின்பலகை இருக்கும். அதில் 'வார்கோ அத்தீவோ' என்று ஒளிரும். வார்கோ என்றால் நுழைவாயில். அத்தீவோ என்றால் இயங்குகிறது. வாயில் இயங்குகிறதென்றால் திறந்திருக்கிறது, போகலாம் என்றுதானே தோன்றும்? பொருள் நேர் எதிரானது. கட்டுப்பாடு இயங்குகிறது, கேமரா விழித்திருக்கிறது, நுழையாதே என்று அர்த்தம். 'வார்கோ நோன் அத்தீவோ' என்று இருந்தால்தான் நுழையலாம்.

இதில் வெளிநாட்டவர் மட்டும் குழம்பவில்லை, இத்தாலியர்களே குழம்பினார்கள். 2019ஆம் ஆண்டு அந்நாட்டின் போக்குவரத்து அமைச்சு வெளியிட்ட வழிகாட்டியில், வாயிலைச் சொல்லாமல் பகுதியைச் சொல்லும்படி, அதாவது 'ஸேத்தா தீ எல்லே அத்தீவா' என்று எழுதும்படி பரிந்துரைக்கப்பட்டது. கட்டுப்பாட்டுப் பகுதி இயங்குகிறது என்றால் யாருக்கும் ஐயம் வராது. எப்படி எழுதியிருந்தாலும் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: 'அத்தீவோ' அல்லது 'அத்தீவா' கண்ணில் பட்டால் திரும்பிவிடுங்கள், 'நோன்' இருந்தால் போகலாம்.

தங்கும் விடுதி அந்தப் பகுதிக்குள் இருந்தால் என்ன செய்வது? பல நகரங்களில் விடுதியே விருந்தினரின் கார் எண்ணை நகராட்சிக்குத் தெரிவித்து அனுமதி பெற்றுத் தர முடியும். கேட்டால்தான் செய்வார்கள். கேட்க வேண்டிய வாக்கியம்: 'புவோ ரெஜிஸ்த்ராரே லா தார்கா?' எங்கள் கார் எண்ணைப் பதிவு செய்ய முடியுமா? தார்கா என்பது எண் தகடு. நம் ஊர்த் தர்காவை நினைத்துக்கொண்டால் மறக்காது.

நிறுத்தும் முன் நிறம் பாருங்கள்

கார் நிறுத்துமிடத்தில் தரையில் போட்ட கோடே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். வெள்ளைக் கோடு இலவசம். நீலக் கோடு கட்டணம். மஞ்சள் கோடு குடியிருப்பாளர், மாற்றுத்திறனாளி போன்றோருக்கு ஒதுக்கியது. வெள்ளைக் கோட்டிலும் 'தீஸ்கோ ஓராரியோ' என்று பலகை இருந்தால் கால வரம்பு உண்டு. அட்டையாலான கடிகார வட்டில் ஒன்றில் நீங்கள் வந்த நேரத்தைக் காட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டும்.

'தீவியேத்தோ தி சோஸ்தா' என்றால் நிறுத்தத் தடை. 'பாஸ்ஸோ கர்ராபிலே' என்பது வீட்டு வாகன வாசல், அதை மறிக்கக்கூடாது. 'ரிமோட்சியோனே ஃபோர்சாத்தா' என்ற பலகைக்கு அருகில் நிறுத்தினால் காரை இழுத்துச் சென்றுவிடுவார்கள். முதன்மைப் பலகைக்குக் கீழே சின்னப் பலகையில் 'எச்செத்தோ' என்று இருந்தால், அதற்குப் பின்னால் வருவோருக்கு மட்டும் விலக்கு. 'எச்செத்தோ ரெசிதேன்தி' என்றால் அங்கே குடியிருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு விதி பொருந்தும். நீங்கள் அந்த மற்றவர்கள்.

இன்னொரு பொறி: 'ஃபேரியே' என்றால் விடுமுறைக் காலம். அதிலிருந்து 'ஃபெரியாலே' என்றால் விடுமுறை நாள் என்று ஊகித்தால் பணம் போச்சு. 'ஃபெரியாலே' என்பது வேலை நாள். திங்கள் முதல் சனி வரை அதில் அடங்கும். ஞாயிறும் பொது விடுமுறையும் 'ஃபெஸ்தீவோ'. எழுத்துக்குப் பதில் படம் இருந்தால், குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் வேலை நாளையும், சிலுவை விடுமுறை நாளையும் குறிக்கும்.

வேகத்திலும் ஒரு சொல்: 'பியோஜ்ஜா', மழை. நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கிலோமீட்டர் வரை போகலாம். மழை பெய்தால் 110தான். ஊருக்குள் பொதுவாக 50. வேகத்தைப் பதிவு செய்யும் கேமராவை எல்லாரும் 'ஔதோவேலோக்ஸ்' என்பார்கள். ஒரு கருவியின் வணிகப் பெயர் பொதுச் சொல்லாக மாறிய கதை அது. கருவியின் அளவீட்டில் 5 விழுக்காடு, குறைந்தது 5 கிலோமீட்டர், கழித்த பிறகே குற்றத்தைக் கணக்கிடுவார்கள்.

மாணவர்கள் விரும்பி எடுக்கும் மின் ஸ்கூட்டர் 'மொனொபாத்தினோ'. 2024 டிசம்பர் 14 முதல் அதை ஓட்ட எல்லா வயதினருக்கும் 'காஸ்கோ' எனும் தலைக்கவசம் கட்டாயம். அதே நாளில் நடப்புக்கு வந்த சட்டம், வண்டி ஓட்டும்போது கைப்பேசியைப் பிடித்திருப்போருக்கு அபராதத்தை 250 யூரோவிலிருந்து 1,000 யூரோ வரை உயர்த்தியது. உரிமமும் முடக்கப்படலாம்.

காவலர் கை காட்டினால்

தமிழ் பேசுபவருக்கு இத்தாலிய மொழியில் ஓர் அனுகூலம் உண்டு. நீ, நீங்கள் என்ற வேறுபாடு நமக்குப் பழக்கமானது. அவர்களுக்கு அது 'தூ', 'லேய்'. நண்பனிடம் மன்னிப்புக் கேட்க 'ஸ்கூசா'. காவலரிடம் 'மி ஸ்கூசி'. கடைசி உயிரெழுத்து ஒன்று மாறினால் மரியாதையே மாறிவிடும். போலீஸ்காரரை நாம் ஒருமையில் விளிக்க மாட்டோம் அல்லவா? அதே கவனம் இங்கேயும் வேண்டும்.

நிறுத்தியவுடன் 'புவொன்ஜோர்னோ' என்று வணக்கம் சொல்லுங்கள். பிறகு இவை உதவும்:

'பார்லா இங்லேசே?' – ஆங்கிலம் பேசுவீர்களா?

'புவோ பார்லாரே பியூ லென்தமேன்தே, பெர் ஃபவோரே?' – தயவுசெய்து கொஞ்சம் மெதுவாகப் பேச முடியுமா?

'எக்கோ லா பதேன்தே' – இதோ ஓட்டுநர் உரிமம். நம் உரிமத்தோடு அனைத்துலக ஓட்டுநர் அனுமதியையும் சேர்த்துக் கொடுங்கள்.

'எ ஊனா மாக்கினா ஆ நொலேஜ்ஜோ' – இது வாடகைக் கார்.

'குவால் எ லின்ஃப்ரட்சியோனே?' – என்ன விதிமீறல்?

'வொர்ரேய் அஜ்ஜூஞ்ஜெரே ஊனா திக்கியரட்சியோனே' – என் தரப்பு விளக்கத்தைச் சேர்க்க விரும்புகிறேன்.

கடைசி வாக்கியம் நீளமாக இருக்கிறதென்று ஒதுக்கிவிடாதீர்கள். காவலர் எழுதும் குற்றப் பதிவில் ஓட்டுநர் சொல்வதையும் குறித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பலகை மரக்கிளையில் மறைந்திருந்தது போன்ற காரணம் உண்மையிலேயே இருந்தால், அதைச் சொல்ல அதுதான் இடம். உரக்கப் பேசி வாதாடுவதால் எதுவும் மாறாது.

'செட்டில் பண்ணிக்கலாம்' என்ற பேச்சும் வேண்டாம். காவலரிடம் பணம் நீட்டுவது அங்கே தனிக் குற்றம். சட்டப்படி அங்கேயே கட்ட வேண்டியிருந்தால் ரசீது கேளுங்கள்: 'போஸ்ஸோ அவேரே லா ரிச்செவூதா?' ஃபிரான்சிலோ சுவிட்சர்லாந்திலோ பதிவான காரோடு இத்தாலிக்குள் வந்திருந்தால், அபராதத்தையோ பிணைத்தொகையையோ உடனே கட்டும்படி கேட்பார்கள். கட்ட மறுத்தால் வண்டியைப் பிடித்து வைக்கலாம்.

தந்தையும் இரண்டு கேள்விகளும்

நம் நாக்குக்கு ஒரு சிக்கலும் இருக்கிறது. அபராத விவகாரத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: எவ்வளவு? எப்போது? இத்தாலிய மொழியில் 'எவ்வளவு' என்பது 'குவான்த்தோ'. 'எப்போது' என்பது 'குவாந்தோ'. வேறுபாடு ஒரே ஓர் ஒலி.

'தந்தை' என்று சொல்லிப் பாருங்கள். முதல் 'த' வலிமையாக ஒலிக்கிறது. நகரத்துக்குப் பின் வரும் இரண்டாவது 'தை' மென்மையாகிவிடுகிறது. மெல்லெழுத்துக்குப் பின் வரும் வல்லெழுத்தை இளக்கிவிடுவது தமிழ் நாக்கின் இயல்பு. அதனால் 'எவ்வளவு' என்று கேட்க நினைத்து 'எப்போது' என்று கேட்டுவிடுவோம். தந்தையின் முதல் 'த' போல அழுத்தினால் தொகை, இரண்டாவது போல இளக்கினால் தேதி. இப்படி வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

'குவான்த்தோ தேவோ பகாரே?' – எவ்வளவு கட்ட வேண்டும்?

'என்த்ரோ குவாந்தோ தேவோ பகாரே?' – எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும்?

'தோவே போஸ்ஸோ பகாரே?' – எங்கே கட்டலாம்?

எண்களிலும் கவனம் தேவை. 'செஸ்ஸான்த்தா' 60; 'செத்தான்த்தா' 70. காதில் விழுந்ததை நம்பாமல் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். இரட்டை மெய்யை அழுத்தி உச்சரிப்பது மட்டும் நமக்கு எளிது. பட்டு, கட்டு என்று சொல்லிப் பழகிய நாக்கல்லவா?

கடிதம் கிள்ளான் வரை வரும்

கிள்ளானில் இருக்கும் என் மாமா குடும்பத்தோடு தஸ்கனி வட்டாரத்தைச் சுற்றி வந்தார். சில வாரங்களில் கார் வாடகை நிறுவனம் அவருடைய கடன் அட்டையிலிருந்து ஒரு தொகையைக் கழித்தது. அபராதம் அதோடு முடிந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார். எட்டு மாதம் கழித்து ஒரு நகராட்சியிலிருந்து பதிவுத் தபாலில் இரண்டு கடிதங்கள் வந்தன. அத்தைக்கு அது மோசடி என்று பட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் "தூக்கிப் போடுங்க, அங்கேயிருந்து வந்தா பிடிக்கப்போறான்?" என்றார்கள். மீதிப் பேர், காத்திருந்தால் தள்ளுபடி கொடுப்பார்கள் என்றார்கள். நம் ஊரில் சம்மனுக்குத் தள்ளுபடி அறிவித்துப் பார்த்துப் பழகிவிட்டோம். கடிதங்கள் மூன்று வாரம் மேசை அறைக்குள் கிடந்தன.

அவற்றை என்னிடம் கொண்டுவந்தபோது நான் முதலில் தேடிய சொல் 'என்த்ரோ'. 'இத்தனை நாளுக்குள்' என்று நாம் சொல்லும் அந்த 'உள்' தான் அது. கடிதத்தின் உயிர் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது.

பேச்சில் அபராதத்துக்குச் சொல் 'முல்த்தா'. ஆனால், கடிதத்தின் தலைப்பில் 'வெர்பாலே' என்றுதான் இருக்கும். அதிகாரபூர்வக் குற்றப் பதிவு என்று பொருள். 'நொத்தீஃபிகா' என்பது அதை உங்களிடம் முறைப்படி சேர்ப்பது. நாள் கணக்கு அன்றுதான் தொடங்குகிறது. 'ஸ்பேசே' என்றால் செலவு. தபால் செலவும் உங்கள் தலையில். 'இம்போர்த்தோ' என்றால் தொகை.

அனுமதியின்றி அந்த மூன்றெழுத்துப் பகுதிக்குள் நுழைந்ததற்குச் சட்டம் வகுத்த அபராதம் 83 யூரோ முதல் 332 யூரோ வரை. கடிதம் கிடைத்து 5 நாளுக்குள் கட்டினால் 30 விழுக்காடு குறையும். 83 யூரோ 58.10 ஆகிவிடும். 60 நாளுக்குள் என்றால் 83. இதைத்தான் கடிதம் 'பகமேன்த்தோ இன் மிசூரா ரிதோத்தா', குறைந்த அளவில் செலுத்துதல், என்கிறது. 60 நாள் கடந்து, கட்டவும் இல்லை, மேல்முறையீடும் இல்லை என்றால் உச்சத் தொகையில் பாதி, அதாவது 166 யூரோ. அதற்கு மேல் செலவும் சேரும். காத்திருந்தால் குறையும் என்ற நம் கணக்கு அங்கே தலைகீழ். சீக்கிரம் கட்டுவோருக்கே சலுகை.

மாமாவுக்கு ஐந்து நாள் சலுகை போய்விட்டது; அறுபது நாள் போகவில்லை. இரண்டு கடிதம் ஏன் என்று கேட்டார். ஒவ்வொரு நுழைவும் தனித்தனி மீறலாகக் கணக்கிடப்பட்டிருந்தது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை நுழைந்திருந்தார். அட்டையில் கழித்த பணமோ அபராதமே அல்ல. கார் எண்ணை வைத்து நகராட்சி கேட்டபோது, ஓட்டுநரின் பெயர், முகவரியைக் கொடுத்ததற்காக நிறுவனம் எடுத்துக்கொண்ட சேவைக் கட்டணம். அது ஒப்பந்தத்தில் இருந்தது. எட்டு மாதம் கழித்து வந்ததால் கடிதம் செல்லாது என்றும் வாதிட முடியாது. இத்தாலியில் வசிப்பவருக்கு 90 நாளுக்குள் அனுப்ப வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு, ஓட்டியவர் யாரென்று தெரியவந்த நாளிலிருந்து 360 நாள் வரை அவகாசம் உண்டு.

மோசடியா என்ற அத்தையின் சந்தேகம் நியாயமானதே. அதைத் தீர்க்கவும் சொற்கள் உதவின. தார்கா, தேதி, நேரம், தெருவின் பெயர் ஆகிய நான்கையும் வாடகை ஒப்பந்தத்தோடும் பயணப் படங்களோடும் ஒப்பிட்டோம். எல்லாம் பொருந்தின. கடிதத்தில் குறிப்பிட்ட வழியில் பணம் கட்டி, சான்றைச் சேமித்து வைத்தார். பயண ஆவணங்களை ஊர் வந்ததும் குப்பையில் போடாமல் ஓராண்டுக்கு மேலாவது வைத்திருக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

தவறே செய்யவில்லை என்றால்?

அப்போது கற்க வேண்டிய சொல் 'ரிகோர்சோ', மேல்முறையீடு. 'வொர்ரேய் ஃபாரே ரிகோர்சோ' என்றால் மேல்முறையீடு செய்ய விரும்புகிறேன். இரண்டு வழி உண்டு. 'ப்ரெஃபேத்தோ' என்பவர் மாநில நிர்வாக அதிகாரி. அவரிடம் 60 நாளுக்குள் முறையிடலாம், கட்டணம் இல்லை. ஆனால், அவர் தள்ளுபடி செய்தால் தொகை குறைந்தபட்சத்தைப் போல் இரு மடங்காவது ஆகும். மற்றவர் 'ஜூதிச்சே தி பாச்சே' எனும் சிறு வழக்கு நீதிபதி. உள்ளூர்வாசிகளுக்கு 30 நாள், வெளிநாட்டில் வசிப்போருக்கு 60 நாள். சிறு தொகை வழக்குக்கு 43 யூரோ நீதிமன்றக் கட்டணம்.

அபராதத்தைக் கட்டிவிட்டால் மேல்முறையீட்டு உரிமை போய்விடும். முதலில் கட்டிவிட்டுப் பிறகு வாதாடலாம் என்பது நடக்காது. விடுதி உங்கள் கார் எண்ணை உண்மையாகவே பதிவு செய்திருந்தது, சான்றும் கையில் இருக்கிறது என்றால் முறையிடலாம். 'எனக்கு இத்தாலிய மொழி தெரியாது' என்பது மட்டும் காரணமாகாது.

எனக்கு இதில் ஒரு வருத்தமும் உண்டு. விதி தெரியாதவர் எல்லாரையும் சமமாகத் தண்டிக்கிறதென்று சொன்னாலும், மொழி தெரியாதவரைத்தான் அது அதிகம் தண்டிக்கிறது. ஐந்து நாள் சலுகை பேப்பரில் எல்லாருக்கும் பொது. கடிதத்தைப் படிக்க முடிந்தவருக்கே அது கிடைக்கிறது. இந்த நாட்டில் மலாய்க் கடிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, பேரப்பிள்ளை பள்ளிவிட்டு வரும்வரை காத்திருக்கும் தாத்தா பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது புதிய செய்தியன்று.

ஆகவே, அடுத்த பள்ளி விடுமுறையில் குடும்பம் எந்த நாட்டுக்குப் போவதானாலும், உணவுப் பெயர்களோடு ஐந்து சொற்களையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்: தடை, தவிர, எவ்வளவு, எப்போது, இத்தனை நாளுக்குள். இத்தாலி என்றால் அவை தீவியேத்தோ, எச்செத்தோ, குவான்த்தோ, குவாந்தோ, என்த்ரோ. ஒரு சின்ன அட்டையில் எழுதி, காரின் முன் இருக்கையில் அமர்பவர் கையில் கொடுத்துவிடுங்கள்.